ஹாத்தார்ன் இலையும் கனியும்: சோதனைக் குழாயிலிருந்து நோயாளி வரை

தேநீர்ப் பொட்டலம், பழச்சாற்றுப் புட்டி, மூலிகைக் குளிகை ஆகியவற்றின் மேலுறைகளில் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் நிறைந்தது' என்னும் சொற்றொடர் இன்று பரவலாகக் காணப்படுகிறது. அறிவியலில் இச்சொற்றொடர் குறிப்பிட்ட ஒரு வேதிப் பண்பை மட்டுமே சுட்டும். பொருளை வாங்குவோரோ அதனை நோய் தீர்க்கும் உறுதிமொழியாகவே கொள்கின்றனர். வேதிப் பண்பிற்கும் நோய் தீர்வதற்கும் இடையே உள்ள தொலைவை அறிந்திருப்பது மருந்தியல் பயிலும் மாணவர்களுக்கு மட்டுமன்றி, மூலிகை வளர்ப்பு, உணவுத் தரம், மருந்துக் கட்டுப்பாடு ஆகிய துறைகளில் பணியாற்றும் அலுவலர்களுக்கும் இன்றியமையாதது.

இத்தொலைவை முழுவதுமாக அளந்து பார்ப்பதற்கு ஏற்ற செடி ஒன்று உண்டு. அதுவே ஹாத்தார்ன். அதன் இலையிலும் பூவிலும் கனியிலும் உள்ள வேதிப் பொருள்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அவற்றின் ஆற்றல் சோதனைக் குழாயிலும் விலங்குகளிடத்தும் அளந்தறியப்பட்டுள்ளது. இறுதியில், பெரும்பாலான மூலிகைகள் எட்டாத கடைசிப் படியையும் அது எட்டியது: 2,681 இதய நோயாளிகளிடம் ஈராண்டுக் காலம் அது சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் கிடைத்த விடை என்ன, ஒரு படியின் விடை அடுத்த படியில் ஏன் அவ்வாறே நிலைக்கவில்லை என்பதைக் காண்பது பயனுடையது.

செடியும் அதன் பரவலும்

ஹாத்தார்ன், ரோஜாவை உள்ளிட்ட ரோசேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிளுக்கும் பேரிக்கும் நெருங்கிய உறவுடையது. தாவரவியலில் இதன் பேரினம் க்ரட்டேகஸ் எனப்படும். மரத்தின் உறுதியைக் கருதி, வலிமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக இப்பெயர் அமைந்தது என்பர். முள் நிறைந்த குற்றுமரமான இது, இளவேனிலில் கொத்துக் கொத்தாக வெண்ணிறப் பூக்களைப் பூக்கும். இலையுதிர் காலத்தில் சிறிய சிவந்த கனிகளைத் தாங்கி நிற்கும். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் மிதவெப்ப மண்டலங்களில் இதன் இனங்கள் பல பரவியுள்ளன.

இங்கிலாந்தில் வயல்களைச் சுற்றி வேலியாக இச்செடி பெருமளவில் நடப்பட்டது. சீனத்தில் இதன் கனி உணவாகவும் மருந்தாகவும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது; சர்க்கரைப் பாகில் தோய்த்துக் குச்சியில் கோத்த கனிகளை அந்நாட்டின் வடபகுதித் தெருக்களில் குளிர் காலத்தில் காணலாம். இறைச்சி உணவு செரிப்பதற்காகக் கனியை வழங்குவது சீன மருத்துவ மரபு. ஐரோப்பாவில் வளர்ந்த வழக்கமோ வேறு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இச்செடியை இதயத்திற்குரிய மருந்தாக அங்குள்ள மருத்துவர்கள் கருதத் தொடங்கினர். இந்தியாவில் காஷ்மீரை உள்ளிட்ட மேற்கு இமயமலைப் பகுதியில் க்ரட்டேகஸ் சோங்காரிகா என்னும் இனம் இயற்கையாக வளர்கிறது. எனவே இச்செடியைப் பற்றிய அறிவு இந்நாட்டிற்கும் தொடர்புடையதே.

இலையில் உள்ளவை, கனியில் உள்ளவை

ஹாத்தார்னில் உள்ள சிறப்புப் பொருள்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வகை ஃபிளவனாய்டுகள். ஹைப்பரோசைடு, வைடெக்சின், வைடெக்சினோடு ராம்னோஸ் என்னும் சர்க்கரை இணைந்த கூட்டுப்பொருள் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவை இலையிலும் பூவிலும் மிகுதியாக உள்ளன.

இரண்டாவது வகை புரோசயனிடின்கள். எபிகேட்டக்கின் என்னும் சிறு மூலக்கூறுகள் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவை சங்கிலிபோல் இணைவதால் இவை உண்டாகின்றன. ஆப்பிள், கொக்கோ, திராட்சை விதை ஆகியவற்றிலும் இவ்வகைப் பொருள்கள் உள்ளன. காய்களின் துவர்ப்புக்கு இவையே பெரிதும் காரணம். ஹாத்தார்னின் இலை, பூ, கனி ஆகிய மூன்றிலும் இவை காணப்படுகின்றன.

மூன்றாவது வகை குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஃபீனாலிக் அமிலங்கள். நான்காவது வகை உர்சோலிக் அமிலம், ஓலியனோலிக் அமிலம் போன்ற டிரைடெர்பீன் அமிலங்கள். இவை தவிரக் கனியில் சர்க்கரை, பெக்டின், கரிம அமிலங்கள், வைட்டமின் சி, தோலுக்குச் சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின்கள் ஆகியவையும் அடங்கியுள்ளன.

இலையும் கனியும் ஒரே செடியின் உறுப்புகளாயினும், மருந்தியலில் அவை வெவ்வேறு பொருள்களாகவே கொள்ளத்தக்கவை. ஐரோப்பிய மருந்து நூல் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. பூவோடு கூடிய உலர்ந்த இலையில் மொத்த ஃபிளவனாய்டுகள், ஹைப்பரோசைடாகக் கணக்கிடுகையில், குறைந்தது 1.5 விழுக்காடு இருத்தல் வேண்டும் என்று அந்நூல் வரையறுக்கிறது. உலர்ந்த கனிக்கோ ஃபிளவனாய்டு அளவுகோல் இல்லை. புரோசயனிடின்கள், சயனிடின் குளோரைடாகக் கணக்கிடுகையில், குறைந்தது 0.06 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதே விதி. அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் வேறாதலால், இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் தவறாகும். இலைச் சாரத்தில் நடந்த ஆய்வின் முடிவைக் கனிப் பாகின் புட்டி மீது அச்சிடுவதும் அதே தவறே.

இனம், பறிக்கும் பருவம், உலர்த்தும் முறை, சாரம் இறக்கப் பயன்படும் கரைப்பான் ஆகியவற்றைப் பொறுத்தும் இப்பொருள்களின் அளவு மாறும். நீரில் இறக்கிய கஷாயமும் ஆல்கஹால் கலந்த நீரில் இறக்கிய சாரமும் ஒரே மருந்தல்ல. ஆகவே, 'ஹாத்தார்ன்' என்னும் பெயர் மட்டுமே ஒரு பொருளின் தன்மையை உறுதி செய்துவிடாது.

சோதனைக் குழாயில் தோன்றும் ஆற்றல்

உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றலைப் பெறும்போது, நிலையற்ற சில துணைப்பொருள்கள் சிறிதளவு உண்டாகின்றன. இணையற்ற எலெக்ட்ரான் ஒன்றைக் கொண்டுள்ள இத்தகைய மூலக்கூறுகள் தனி உறுப்புகள் எனப்படும். சூப்பர் ஆக்சைடு, ஹைட்ராக்சில் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். இவை அருகிலுள்ள கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் ஆகியவற்றிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து அவற்றைச் சிதைக்க வல்லவை. முதுமைக்கு இச்சிதைவே காரணமாகலாம் என்னும் கருத்தை அமெரிக்க அறிவியலாளர் டென்ஹாம் ஹார்மன் 1956-இல் வெளியிட்டார். தனி உறுப்புகளை அடக்கும் என்சைம் ஒன்று உடலிலேயே உள்ளது என்பதை மெக்கார்டு, ஃப்ரிடோவிச் ஆகியோர் 1969-இல் நிறுவினர். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் எனப்படும் அந்த என்சைமுடன் கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகியவையும் சேர்ந்து உடலின் முதன்மையான காப்பு அரணாக விளங்குகின்றன.

ஃபிளவனாய்டுகளின் வளையத்தில் அருகருகே அமைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் தம்முடைய ஹைட்ரஜனை எளிதில் ஈந்துவிடும். அதனால் தனி உறுப்பு அமைதியுறும். ஃபிளவனாய்டு தானும் பெரிதாகத் தீங்கு செய்யாத நிலையில் நின்றுவிடும். இப்பண்பை அளக்கக் கல்லூரி ஆய்வகங்களில் பெரிதும் பின்பற்றப்படுவது டி.பி.பி.எச். சோதனையாகும். அடர்ந்த ஊதா நிறமுடைய, நிலைத்த தனி உறுப்பாகிய இச்சேர்மத்தின் கரைசலில் தாவரச் சாரத்தைச் சேர்த்தால் ஊதா நிறம் மங்கி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சப்படும் அளவைக் கொண்டு நிறம் மங்கியதைக் கணக்கிடலாம். ஹாத்தார்ன் இலை, பூ, கனி ஆகியவற்றின் சாரங்கள் இச்சோதனையில் நல்ல ஆற்றலைக் காட்டுகின்றன. செலவு குறைந்த, எளிய, மீண்டும் மீண்டும் செய்து பார்க்கத்தக்க சோதனை இது என்பதில் ஐயமில்லை.

எனினும் இச்சோதனை எதனை நிறுவுகிறது என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். டி.பி.பி.எச். என்பது மனித உடலில் இல்லாத ஒரு பொருள். சோதனைக் குழாயில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. அங்கே சேர்க்கப்படும் சாரத்தின் செறிவு, உண்டபின் இரத்தத்தில் காணப்படும் செறிவைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாக இருத்தல் கூடும். ஆகவே, இச்சோதனை ஒரு சாரத்தின் வேதிப் பண்பைச் சொல்லுமேயன்றி, அதனை உண்பவரின் உடல்நிலையைப் பற்றி ஏதும் சொல்லாது. இதனைக் கருதியே அமெரிக்க வேளாண்மைத் துறை, பல்வேறு உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றலை எண்களில் வரிசைப்படுத்தி வெளியிட்டிருந்த தனது பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டது. அந்த எண்கள் வணிக விளம்பரங்களில் தவறாகப் பயன்படுத்தப்பட்டதையும் அத்துறை காரணமாகக் காட்டியது.

அழற்சியும் இரத்தக் குழாயும்

காயமோ தொற்றோ நேரும்போது அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பது அழற்சி எனப்படும். இது உடலின் காப்புச் செயலே. ஆனால் இச்செயல் அடங்காது தொடர்ந்து நீடிப்பின் அதுவே நோயாகிறது. இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்து தடிப்பதிலும் இத்தகைய நீடித்த அழற்சிக்குப் பங்குண்டு என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். அழற்சியின்போது வெள்ளை அணுக்கள் தனி உறுப்புகளை வெளியிடுகின்றன. அத்தனி உறுப்புகள் மேலும் அழற்சியைத் தூண்டுகின்றன. ஆக்சிஜனேற்றத் தடுப்பும் அழற்சித் தடுப்பும் ஆய்வுகளில் ஒருங்கே பேசப்படுவது இத்தொடர்பு பற்றியே.

ஹாத்தார்ன் சாரங்கள் ஆய்வக விலங்குகளின் பாதத்தில் செயற்கையாக உண்டாக்கிய வீக்கத்தைக் குறைப்பதும், வெள்ளை அணுக்கள் வெளியிடும் எலாஸ்டேஸ் என்னும் சிதைப்பு என்சைமைத் தடுப்பதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன.

இவற்றிலும் குறிப்பிடத்தக்கது இரத்தக் குழாயின் உட்படலத்தில் நிகழும் விளைவாகும். இப்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உண்டாக்கிக் குழாயைத் தளரச் செய்கிறது. இச்செயலைக் கண்டறிந்தமைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹாத்தார்னின் புரோசயனிடின்கள், நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் என்சைமைத் தூண்டுகின்றன என்பது பிரித்தெடுத்த இரத்தக் குழாய்த் துண்டுகளில் செய்த ஆய்வுகளால் தெரியவந்தது. தனி உறுப்புகளைத் துடைத்தெடுக்கும் எளிய வேலையினின்றும் இது வேறானது. அணுவினுள் செல்லும் சைகைகளை மாற்றும் வேலை இது. தாவர ஃபீனால்களின் பயன், அவற்றுக்குப் பயன் ஏதும் இருக்குமாயின், பெரும்பாலும் இவ்வழியிலேயே அமையக்கூடும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், ஊதாக் கரைசலின் நிறத்தை எவ்வளவு விரைவாக ஒரு சாரம் மங்கச் செய்கிறது என்பது அதன் மருத்துவப் பயனுக்கு உரிய அளவுகோலே அன்று.

குடல் என்னும் முதல் தடை

உண்ட பொருள் அனைத்தும் இரத்தத்தில் கலப்பதில்லை. எபிகேட்டக்கின் போன்ற சிறு மூலக்கூறுகள் சிறுகுடலில் ஓரளவு உறிஞ்சப்படுகின்றன. உறிஞ்சப்பட்டவையும் குடற்சுவரிலும் கல்லீரலிலும் உருமாறிய பின்னரே உடலெங்கும் செல்கின்றன. நீண்ட சங்கிலியுடைய புரோசயனிடின்களோ பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிறு ஃபீனாலிக் அமிலங்களாகச் சிதைக்கின்றன. எனவே சோதனைக் குழாயில் அளக்கப்பட்ட மூலக்கூறு ஒன்று. இதயத்தைச் சென்றடையும் மூலக்கூறு மற்றொன்று. அணுக்களிலும் விலங்குகளிலும் கிடைத்த முடிவு எவ்வளவு சிறப்பாயினும், மனிதரிடம் நேரடியாகச் சோதித்தறிவதற்கு மாற்று இல்லை என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

நோயாளிகளிடம் நடந்த சோதனை

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுவிடுவதன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைச் செலுத்தும் வலிமையை அது இழத்தல் ஆகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், கால் வீக்கம், தளர்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள். இந்நோயின் தொடக்க நிலைகளில் ஹாத்தார்ன் சாரம் பயன் தருமா என்பது ஐரோப்பாவில், சிறப்பாக ஜெர்மனியில், பல சிறு ஆய்வுகளுக்கு உட்பட்டது. அந்நாட்டின் மூலிகை மருந்துக் குழு 1994-இல், பூவோடு கூடிய இலையின் சாரத்தை இந்நோயின் இரண்டாம் நிலைக்கு ஏற்றது என அறிவித்தது. கனிக்கு அத்தகைய ஒப்புதலை அக்குழு வழங்கவில்லை.

இச்சிறு ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் மதிப்பாய்வு 2008-இல் வெளிவந்தது. கணக்கிடத்தக்க தரவுகளைத் தந்த 10 ஆய்வுகளில் 855 நோயாளிகள் இடம் பெற்றிருந்தனர். வழக்கமான மருந்துகளோடு ஹாத்தார்ன் சாரத்தையும் பெற்றவர்களின் உடலுழைப்புத் திறன் சற்றே உயர்ந்தது என்றும், மூச்சுத் திணறலும் சோர்வும் குறைந்தன என்றும் அம்மதிப்பாய்வு கூறியது. ஆனால் இறப்பையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ பற்றி முடிவு கூறப் போதிய தரவுகள் அவ்வாய்வுகளில் இல்லை.

அக்குறையை நீக்க நடத்தப்பட்டதே ஸ்பைஸ் என்னும் பெயருடைய பெரிய ஆய்வு. இதன் முடிவும் 2008-இல் வெளியாயிற்று. இதயத்தின் இடது கீழறை, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் 35 விழுக்காட்டிற்கு மேல் வெளியேற்ற இயலாத 2,681 நோயாளிகள் இதில் பங்கு கொண்டனர். அவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு டபிள்யூ.எஸ். 1442 என்னும் இலை-பூச் சாரம் நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றமுடைய, மருந்தற்ற மாத்திரை தரப்பட்டது. எவருக்கு எது தரப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வழக்கமான இதய மருந்துகளை இரு பிரிவினரும் தொடர்ந்து பெற்று வந்தனர்.

ஈராண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தபோது, இதய நோயால் இறப்பு, உயிர் பிழைத்த மாரடைப்பு, நோய் முற்றியதால் மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றுள் ஒன்று முதன்முதலாக நேரும் வரை கடந்த காலம், சாரம் பெற்றவர்களிடம் சராசரி 620 நாள். பெறாதவர்களிடம் 606 நாள். இந்த 14 நாள் வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே என்று புள்ளியியல் காட்டியது. அதாவது, ஆய்வு எந்தக் கேள்விக்காகத் தொடங்கப்பட்டதோ அதற்குக் கிடைத்த விடை, பயன் நிறுவப்படவில்லை என்பதே. சாரத்தால் குறிப்பிடத்தக்க தீங்கும் காணப்படவில்லை.

நோயாளிகளுள் ஒரு பகுதியினரிடம், அதாவது இதயத்தின் வெளியேற்றம் 25 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தவர்களிடம், திடீர் இதய இறப்பு குறைந்திருந்ததாக ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். விளம்பரங்கள் விரும்பி எடுத்தாளக்கூடிய செய்தி இது. ஆயினும் ஒரு பெரிய கூட்டத்தைப் பல சிறு கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும்போது, ஏதேனும் ஒரு கூற்றில் தற்செயலாக நல்ல விளைவு தோன்றுவது இயல்பு. அத்தகைய விளைவு அடுத்த ஆய்வுக்குரிய கேள்வியாகுமேயன்றி, முடிவாகாது.

அமெரிக்காவில் 120 நோயாளிகளிடம் ஆறு மாதம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான மற்றோர் ஆய்விலும், ஆறு நிமிடங்களில் நடந்து கடக்கும் தொலைவு இரு பிரிவினரிடமும் வேறுபடவில்லை. சிறு ஆய்வுகள் பயன் காட்ட, பெரிய ஆய்வு காட்டாதது ஏன்? நோயின் நிலை வேறு, ஆய்வுக் காலம் வேறு, அளக்கப்பட்டதும் வேறு. மேலும், திறன் மிக்க புதிய மருந்துகளைப் பெறும் நோயாளிக்கு மூலிகைச் சாரம் கூடுதலாகத் தரக்கூடிய நன்மை குறைவாக இருத்தலும் கூடும்.

இச்சான்றுகளுக்கு ஏற்ப ஐரோப்பிய ஒன்றியத்தின் மூலிகை மருந்துக் குழு 2016-இல் தன் நிலையை வகுத்தது. கடுமையான நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பின், மனப் பதற்றத்தால் தோன்றும் தற்காலிகப் படபடப்புக்கும், இலேசான மன இறுக்கத்திற்கும், தூக்கத்திற்குத் துணையாகவும் இலையையும் பூவையும் பயன்படுத்தலாம் என அக்குழு கூறியது. இதுவும் நெடுங்கால வழக்கை அடிப்படையாகக் கொண்ட அனுமதியே. மருத்துவ ஆய்வுகளால் நிறுவப்பட்ட பயன் என்னும் வகையைச் சேர்ந்ததன்று. இதயச் செயலிழப்புக்கான மருந்து என்னும் இடம் அதற்கு அளிக்கப்படவில்லை.

வைட்டமின்கள் தந்த பாடம்

ஹாத்தார்னின் கதை தனித்த ஒன்றன்று. தனி உறுப்புகளே நோய்க்குக் காரணமெனின் அவற்றைத் தடுக்கும் பொருளை உண்டால் நோய் குறையும் என்னும் வாதம், வைட்டமின்களைக் கொண்டு மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாக 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. இதே போன்ற மற்றோர் ஆய்வு அமெரிக்காவில் 1996-இல் குறித்த காலத்திற்கு முன்னரே நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ இதய நோயைத் தடுக்கவில்லை என்பதை 9,000-க்கு மேற்பட்டோர் பங்கு கொண்ட ஹோப் ஆய்வு 2000-இல் காட்டியது.

காய்கனிகளை மிகுதியாக உண்பவர்களிடம் இதய நோய் குறைவாகக் காணப்படுவது உண்மை. ஆனால் அவற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து மாத்திரையாக்கினால் அதே நன்மை கிட்டும் என்பது உறுதியன்று. உடல், தனி உறுப்புகளைத் தீமையாக மட்டும் கொள்வதில்லை. கிருமிகளை அழிக்கவும் அணுக்களிடையே சைகை அனுப்பவும் அவற்றைப் பயன்படுத்துகிறது. அச்சமநிலையை வெளியிலிருந்து மாற்றுதல் எப்போதும் நன்மையாக முடியாது.

சர்ப்பகந்தா: இந்தியாவின் பட்டறிவு

தாவரங்களிலிருந்து உண்மையான இதய மருந்துகள் கிடைத்ததே இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. சர்ப்பகந்தா இதற்குச் சான்று. இச்செடியின் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931-இல் எழுதினர். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளிடம் கண்ட முடிவுகளைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் 1949-இல் வெளியிட்டார். 1952-இல் அதன் வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. உலகெங்கும் மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்தினர். மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகளும், சிறந்த வேறு மருந்துகளின் வரவும் காரணமாகப் பின்னாளில் அதன் வழக்கு குறைந்தது.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. சர்ப்பகந்தாவின் புகழ் சோதனைக் குழாயில் பிறக்கவில்லை. இரத்த அழுத்தமானியின் முன் அமர்ந்த நோயாளியிடம் பிறந்தது. மற்றொன்று, அப்புகழுக்குச் செடி கொடுத்த விலை. வேரே மருந்தாதலால் செடி முழுவதும் பிடுங்கப்பட்டது. காடுகளில் அது அருகியது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது சேர்க்கப்பட வேண்டியதாயிற்று. பயனுடைய மருந்துக்கே இந்நிலை எனில், பயன் நிறுவப்படாத விளம்பரத்தை நம்பி ஒரு செடியை அழித்தல் இருமடங்கு இழப்பாகும்.

நிர்வாகத்திற்கு உரியவை

இமயமலை மக்களின் வருவாயைப் பெருக்க மூலிகைகளும் காட்டுக் கனிகளும் நல்ல வழியாகும் என்பது திட்டமிடுவோர் பலரின் கருத்து. தேசிய மருந்துத் தாவர வாரியம் 2000-இல் அமைக்கப்பட்டது. உயிரியப் பன்மைச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டு, உயிர் வளங்களிலிருந்து கிடைக்கும் நன்மையை உள்ளூர் மக்களோடு பகிர்ந்துகொள்ள வழி வகுத்தது. காஷ்மீர ஹாத்தார்ன் போன்ற செடிகளுக்கும் இவ்வமைப்புகள் பொருந்தும். ஆனால் ஐரோப்பிய இனத்தின் இலைச் சாரத்தில் நடந்த ஆய்வுகளை இமயமலை இனத்தின் கனிக்குச் சான்றாகக் காட்டி விற்பனை செய்வது அறிவியலுக்கும் பொருந்தாது, சட்டத்திற்கும் பொருந்தாது. இதய நோய்களைத் தீர்க்கும் என விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது.

கனியைக் கனியாகவே விற்பதற்கு இத்தடை ஏதுமில்லை. பெக்டின் நிறைந்திருப்பதால் அது பழப்பாகுக்கும் கூழுக்கும் ஏற்றது. சுவைக்காகவும் புதுமைக்காகவும் விற்கப்படும் நேர்மையான உணவுப் பொருள், மருந்தென்று பொய்க்கூறி விற்கப்படும் குளிகையைக் காட்டிலும் நெடுநாள் நிலைத்த வருவாயைத் தரக்கூடும்.

மருத்துவமனை அலுவலர்கள் மனத்திற்கொள்ள வேண்டியது வேறொன்று. மூலிகைச் சாரத்தால் நேரடித் தீங்கு குறைவாயினும், அதனை நம்பி மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நோயாளி நிறுத்திவிடின் அத்தீங்கு உயிரையே பறிக்கும். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளோடு ஹாத்தார்ன் சேருமாயின் அழுத்தம் மேலும் தாழக்கூடும். நோயாளி உட்கொள்ளும் மூலிகைகளைப் பற்றிக் கேட்டு எழுதி வைத்தல் மருத்துவக் குறிப்பின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

ஒரு தாவரப் பொருளைப் பற்றிய கூற்று எதிர்ப்படும்போது ஐந்து வினாக்களை எழுப்பலாம். செடியின் எந்த இனம், எந்த உறுப்பு? சாரம் எவ்வாறு இறக்கப்பட்டது, அதன் அளவு என்ன? சோதனை நடந்தது குழாயிலா, விலங்கிலா, மனிதரிடமா? மனிதரிடம் எனின், ஒப்பிடுவதற்கு மருந்தற்ற பிரிவு இருந்ததா? அளக்கப்பட்டது இரத்தத்தில் ஓர் எண்ணா, அல்லது நோயாளியின் மூச்சும் நடையும் வாழ்நாளுமா? இந்தியாவில் நடைபெறும் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007-இல் ஏற்படுத்தப்பட்ட தேசியப் பதிவேடு, இவ்வினாக்களுக்குரிய விடைகளை எவரும் தேடிப் பார்க்க வாய்ப்பளிக்கிறது.

ஹாத்தார்ன் இலையில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன என்பது உண்மை. அவை அழற்சியைத் தணிப்பதும் இரத்தக் குழாயைத் தளர்த்துவதும் ஆய்வகத்தில் காணப்பட்ட உண்மைகளே. 2,681 நோயாளிகளிடம் எதிர்பார்த்த பயன் நிறுவப்படவில்லை என்பதும் அதே அளவு உண்மை. இவற்றுள் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்விக்குரிய விடை. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதைப் பிரித்தறியும் பழக்கம் ஆய்வகத்தில் மாணவர்க்கும், கோப்பின் முன் அலுவலர்க்கும் ஒருங்கே வேண்டப்படுவதாகும்.